டிங் டிங் என்று பாடிய காட்டுப் பறவை

தோட்டத்துப் பறவையாளர் என்றோர் இனம் உண்டு. பறவைப் புத்தகங்களில் இதற்குப் படம் கிடையாது. ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான சட்டை, முகத்தை மறைக்கும் தொப்பி, முழங்கை நீளத்துக்குக் கேமரா என்று அடர்காட்டில் புலி பார்க்கப் புறப்பட்டவர் போல இருப்பார். போவதோ அடுக்களைக் கதவிலிருந்து துணி காயும் கொடி வரைக்கும்.

ஜாவாத் தீவில் எங்கள் ஊரான சலாத்திகாவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பாக் விர்யோனோ. (எங்கள் பக்கத்தில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.) காலையில் அவர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் வீச வேண்டும். மனைவி இபு லாஸ்மி ஈரத்துணியை உதறினால் "ஷ்ஷ்!" குழாயைத் திறந்தால் "ஷ்ஷ்!" தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். மரத்துப் பப்பாளியைப் பறிக்கக் கூடாது; அது கொண்டைக்குருவிகளுக்கு. வீட்டுக்காரி சந்தையில் வாங்கிக்கொள்ளட்டும்.

வந்தவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை; எடுத்த படத்தை நீட்டுவார். "இந்த இலைக்குப் பின்னால பாருங்க, தேன்சிட்டு!" இலை மிக நன்றாக வந்திருக்கும். "வால் தெரியுதா?" தெரிகிறது என்று சொல்லாதவர் யாரும் அந்த வீட்டில் பொரித்த வாழைப்பழத்தைத் தொட்டதில்லை. படங்களை இரண்டு வரிக் கவிதையோடு பறவை நண்பர்கள் குழுவுக்கும் அனுப்புவார். குருவி ஒரு வெட்டுக்கிளியைக் கிழித்துத் தின்னும் படத்துக்கு, 'என் கிளையில் வானம் இளைப்பாறுகிறது' என்று எழுதினார். வெட்டுக்கிளியின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அவருக்குப் பிடிக்காத ஒரே மனிதர், கூண்டில் சோலைப்பாடி என்னும் பாட்டுப் பறவையை வளர்க்கும் பக்கத்து வீட்டு பாக் ஜுமாடி. ஜாவாவில் பாதி வீடுகளில் கூண்டு தொங்குகிறது; இருந்தாலும் அவருக்கு மட்டும் 'ஜெயிலர்' என்று பெயர் வைத்திருந்தார்.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் ஜம்பு மரத்தில் வந்து உட்கார்ந்தது ஒரு சோலைப்பாடி. நீண்ட கருவால், செம்பழுப்பு வயிறு. இந்தப் பக்கத்துக் காடுகளில் ஒன்றுவிடாமல் பிடித்து விற்றுத் தீர்த்துவிட்ட பறவை, துணிக்கொடிக்கு மேலே! பாக் விர்யோனோ கேமராவைத் தூக்கினார். பறவை பயப்படவில்லை. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. "என்னை நம்புது" என்று கண் கலங்கினார். பிறகு அது பாடியது. "டிங் டிங்... டிங் டிங்." தெருவில் பாக்ஸோ சூப் விற்பவர் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுகிற அதே ஓசை. 'மலைக்காட்டின் ஆதி இசை' என்று எழுதி, படத்தைக் குழுவுக்கு அனுப்பினார். அனுப்புமுன் ஒரு சின்ன வேலை செய்தார். பறவையின் காலில், வளர்ப்புப் பறவைகளுக்கு மாட்டுகிற நீல வளையம் ஒன்று இருந்தது. அதைப் படத்திலிருந்து அழித்தார். ஒளித் திருத்தம் என்று மனத்துக்குள் பெயர் வைத்துக்கொண்டார்.

மதியம் வேலிப்பக்கம் பாக் ஜுமாடி வந்து நின்றார். கையில் காலிக் கூண்டு.

"பாக், எங்க மஞ்சாவப் பாத்தீங்களா? தண்ணி மாத்தறப்போ பறந்துடுச்சு."

"மஞ்சாவா? இல்லையே."

"குஞ்சுலேருந்து கையால ஊட்டி வளத்தது பாக். தானா இரை தேடத் தெரியாது. பூனை கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

"காட்டுப் பறவைங்கதான் என் கண்ணுல படும், பாக்."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த இபு லாஸ்மி, வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தார். "ஷ்ஷ்!" என்றார் கணவர். மறுபடி கவ்விக்கொண்டார்.

மறுநாள் செமாராங்கிலிருந்து குழுத் தலைவர் பாக் ஹென்ட்ரோ ஒரு படையோடு வந்து இறங்கினார். காட்டுப் பறவைதான் என்று அவர் ஒப்புக்கொண்டால் பாக் விர்யோனோவின் பெயர் ஆண்டு மலரில் வரும். எல்லோரும் திட்டுத் திட்டுச் சட்டையில் வரிசையாகக் குந்தினார்கள். மதிலில் ஒரு பூனையும் குந்தியிருந்தது. அதை யாரும் படமெடுக்கவில்லை. பசியில் சிறகு தொங்க, பறவை ஈனமாகக் கூப்பிட்டது. "டிங் டிங்."

பாக் ஹென்ட்ரோ புருவத்தைச் சுருக்கினார். "ஏன் பாக், காட்டுக்குள்ள பாக்ஸோ வண்டி போகுதா?"

"மலையடிவாரம் பாருங்க... போகும், போகும்."

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது. இபு லாஸ்மி ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் கரண்டியுமாக வந்தார். பின்னாலேயே, திறந்த கூண்டும் உள்ளங்கையில் ஒரு வெட்டுக்கிளியுமாக பாக் ஜுமாடி.

"ஷ்ஷ்!"

"நீங்க ஷ்ஷ்" என்றார் இபு லாஸ்மி. "தெனமும் வண்டிச் சத்தம் கேட்டாத்தான் அதுக்குத் தீனி. தெருவுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

டிங் டிங்.

பறவை சட்டென்று இறங்கியது. வழியில் ஒரு கணம் தங்க இடம் தேடியது. அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பாக் விர்யோனோவின் தொப்பி. அதில் உட்கார்ந்தது. வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த காட்சி. ஊரே படமெடுத்தது, அவரைத் தவிர. அடுத்த நொடி மஞ்சா ஜெயிலரின் கையில் இருந்தது. பூனை எழுந்து போயிற்று.

ஆண்டு மலரில் அந்தப் படம் வந்தது. தொப்பி தெரிகிறது, தொப்பிக்குக் கீழே திறந்த வாய் தெரிகிறது, நீல வளையம் பளிச்சென்று தெரிகிறது. பாக் விர்யோனோ மனம் தளரவில்லை. வெறும் ஜம்புக் கிளையைப் படமெடுத்து, 'விடுதலை மீண்டும் சிறைப்பட்டது' என்று அனுப்பினார். அவர் கிளையைக் குறிவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இபு லாஸ்மி பப்பாளியைப் பறித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஜன்னலுக்கு வெளியே இப்போது ஏதோ அசைந்ததே, திரும்பிப் பார்த்தீர்களா? கை போனைத் தேடுகிறதா? பக்கத்து அறையில் யாரோ பாத்திரத்தை வைத்தார்கள். அவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

எனக்குக் கேட்டுவிட்டது.