கடல் சூடும் எங்கள் தெருவும்

என் கண்ணான பேத்திக்கு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட உன் பாட்டி ஆசையோடு எழுதுவது. முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் உன் விண்கலமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அது சோறு தூக்கமில்லாமல் சுற்றுகிறதே என்றுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும். அது கடல் எவ்வளவு சூடு என்று மட்டும்தான் பார்க்கும் என்று போனில் சொன்னாயே, எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் வெளியே சொல்லவில்லை. கடலில் காலை நனைத்தால் தெரிகிற விஷயத்துக்கா உங்கள் பேத்தி அவ்வளவு நெருப்பு வைத்து அனுப்பினாள் என்று தெருவே சிரிக்கும். நம் குடும்ப மானம் என்னாவது? அதனால், அது நம் தெருவைத்தான் பார்க்கிறது, குண்டூசி விழுந்தாலும் படம் பிடித்துவிடும் என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் குப்பை கொட்டுவதில்லை, துணியை வெட்டாமலே நாளைக்கு என்று சொல்லும் தையற்காரர் மேலே தெரியட்டும் என்று மிஷினை வாசலில் போட்டுத் தைக்கிறார், ஓய்வு பெற்ற போலீஸ்காரர் வானத்தைப் பார்த்து சல்யூட் அடிக்கிறார். எதிர்வீட்டுக்காரி வந்து, "அத்தை, ஆபீஸ் விட்டதும் எங்க வீட்டுக்காரர் எங்க போறார்னு உங்க பேத்திகிட்ட கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள். கேட்கிறேன் என்றேன். சாயங்காலமே அந்த மனுஷன் காலில் விழாத குறையாக, "சீட்டு ஆடத்தான் போறேன் அத்தை, வேற ஒண்ணும் இல்ல. அதை மட்டும் அழிச்சிடச் சொல்லுங்க" என்றார். இப்போது என் சர்க்கரை மாத்திரை வாங்க அவர்தான் கடைக்குப் போகிறார்.

ஞாயிறன்று இவர்கள் எல்லாரும் உன்னைப் பார்க்க வாசலில் நிற்பார்கள். நீயோ உன் அப்பனைப் போல் வாயைத் திறந்தால் உண்மை பேசுகிறவள். கடல், சூடு என்று ஆரம்பித்தால் அப்புறம் நான் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. தலையை மட்டும் ஆட்டு. துருவிக் கேட்டால் அரசாங்க ரகசியம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடு.

நீ அனுப்புவதெல்லாம் மேலே போகட்டும், போனதெல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும்,
பாட்டி

பி.கு: புதன்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், டாக்டர் தொடவே கூடாது என்ற கேக்கைத் தின்றேன். குடை பிடித்துக்கொண்டுதான் தின்றேன். இருந்தாலும் ஒரு தடவை பார்த்து, படத்தில் விழுந்திருந்தால் உன் அம்மா கண்ணில் படுவதற்குள் அழித்துவிடு.