வாறன் பாஸ்டர்

ஜேர்மனியில் தமிழர் இருக்கிற எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பிறவியைக் காணலாம். டோர்ட்மண்டில் உண்டு, கொலோனில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சபை நடத்துகிற சின்னப் பட்டணங்களிலும் உண்டு. காருக்குப் பின்னால் கிறிஸ்தவர்களின் அடையாளமான மீன் படம் ஒட்டியிருக்கும். கையில் இரண்டு தொலைபேசி இருக்கும். வாயில் ஒரு சொல் இருக்கும். வாறன். ஆகவே இதற்கு வாறன் பாஸ்டர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. யாராவது கோபித்தாலும் மாற்றுவதாக இல்லை.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போறன்’ என்று சொல்லமாட்டார்கள். அது திரும்பி வராத பேச்சு. ‘வாறன்’ என்றுதான் சொல்லுவார்கள். வரப்போகிறவனும் வாறன், போய்த் தொலைகிறவனும் வாறன். சாதாரண சனத்திடம் இதில் குழப்பம் இல்லை. குரலை வைத்தே எந்த வாறன் என்று பிடித்துவிடலாம். வாறன் பாஸ்டரிடம் மட்டும் பிடிக்க முடியாது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே சிரிப்போடு, தோளில் ஒரே தட்டுத் தட்டிச் சொல்லுவார்.

பொய்யர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம். சொல்லுகிற நேரத்தில் அவருக்கே கண் கலங்கும். வருகிற இடங்களும் இருக்கத்தானே செய்கின்றன? பிறந்தநாள் மண்டபம் என்றால் ரோல்ஸ் பொரிக்க எண்ணெய் காய்வதற்கு முன்பே வந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கார் டயர் மாற்ற ‘டெர்மின்’, அதாவது முன்கூட்டிக் குறித்த நேரம், வைத்தால் கடைக்காரன் திறப்பை எடுக்க முதல் வாசலில் நிற்பார். வெளிநாட்டார் அலுவலகத்து டெர்மின் என்றால் முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார். ஜேர்மன்காரனுக்குக் கொடுத்த நேரத்தில் கர்த்தருடைய சித்தம் ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. தமிழனுக்குக் கொடுத்த நேரத்தில்தான் வரும். அல்லது ‘ஷ்டவ்’ வரும். நெடுஞ்சாலை வாகன நெரிசலுக்கு இங்கே அப்படித்தான் பெயர். மோசேக்காகச் செங்கடலையே பிளந்தவருக்கு வூப்பர்டால் ஷ்டவ்வைப் பிளக்க ஏலாமல் போய்விடுகிறது, என்ன செய்வது?

இந்த இனத்தில் ஒருவரைத்தான் பவளம் நம்பினாள். அவர் பெயர் பாஸ்டர் தயாபரன்.

பவளத்துக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. குடியிருப்போ மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தாள். கிடைத்ததும் அவளைப் பிடித்துக்கொண்டது மயக்க ஊசிப் பயம். படுக்க வைத்தால் எழும்புவேனோ? இதை அவள் மகள் ஜசிந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. பாஸ்டரிடம் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்க முழங்கினார்.

“அக்கா, நான் வந்து உங்கட தலையில கை வைச்சு ஜெபிக்காமல் ஒருத்தரும் உங்களை உள்ள கொண்டுபோக ஏலாது! வாறன்!”

பேச்சுக்காகச் சொன்னார். பவளம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். தலைவர் என்றால் சொன்னதைச் செய்கிறவர் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இரண்டொருவர் மிச்சம் இருக்கிறார்கள்தானே.

ஆகவே சிகிச்சை நாள் காலையில், பச்சைச் சட்டை போட்டுக் கட்டிலில் கிடந்தபடி, பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்துவிட்டாள். பாஸ்டருக்குப் பிடித்து வைத்த இடம். ஜசிந்தா களைத்துப்போய் அதில் இருக்கப் பார்த்தாள்.

“எழும்பு! அது பாஸ்டருக்கு.”

“அம்மா, எனக்குக் கால் நோகுது.”

“என்ர இடுப்பை விடவோ?”

ஜசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். தாதி வந்தாள், கட்டிலின் பூட்டைக் கழற்றினாள், போவோமா என்று கேட்டாள். பவளம் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸ்டர் வராமல் ஒருத்தரும் என்னை உள்ள கொண்டுபோக ஏலாது எண்டு சொல்லு.”

ஜசிந்தா அதை ஜேர்மன் மொழியில் இயன்ற அளவு மரியாதையாக்கிச் சொன்னாள். தாதி நல்லவள். கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் அதற்குள் போகாவிட்டால் அடுத்த ஆளை எடுப்பார்கள், புதிய டெர்மின் கோடையில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கோடை வரைக்கும் மூன்று மாடிப் படி. யோசித்துப் பாருங்கள்.

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது பாஸ்டர் அல்ல, ஜெயமலர். பவளத்தின் கீழ் வீட்டுக்காரி. நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அவளிடம் பவளம் வரச்சொல்லிக் கேட்டபோது, “பாப்பம், பஸ் கிடைச்சால்” என்றுதான் இழுத்திருந்தாள். நம்மவர் அகராதியில் பாப்பம் என்றால் வரமாட்டேன். வந்துவிட்டாள். போத்தலில் கோப்பியும் கொண்டுவந்திருந்தாள். பவளம் வெறும் வயிறு என்றதும் கோப்பியைத் தானே ஊற்றிக் குடிக்கத் தொடங்கினாள்.

“எங்க பவளமக்கா உங்கட ஐயர்?”

“ஐயர் இல்லை, பாஸ்டர். வாறார்.”

“எப்ப துடக்கம் வாறார்?”

பவளம் கதவைப் பார்த்தாள். ஜசிந்தாதான் சந்தேகம் பிடித்துத் தொலைபேசியில் சபையின் பக்கத்தைத் திறந்தாள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கொலோனில் பெரிய மண்டபம். ஊழியத் தலைவர்களுக்கான கருத்தரங்கு. மேடைக்குப் பின்னால் ‘உண்மையுள்ள தலைவன்’ என்று பதாகை. பதாகைக்கு முன்னால், நீல நிறக் கழுத்துப்பட்டியோடு, பாஸ்டர் தயாபரன்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவன் தலைவனே இல்லை!” என்று அவர் கையை உயர்த்தினார்.

மண்டபம் ஆமென் என்றது. பழக்கதோஷம், கட்டிலில் கிடந்த பவளமும் “ஆமென்” என்றுவிட்டாள். ஜெயமலர் கோப்பி புரைக்கேறி இருமினாள்.

பிறகு பாட்டு எழும்பியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். பாஸ்டரும் தலையைக் குனிந்தார். அவருடைய ஜெபம் வழக்கத்தைவிட ஆழமாக இருந்தது, பெருவிரல்கள்கூட அசைந்தன. பவளத்தின் தொலைபேசி ‘டிங்’ என்றது.

ஷ்டவ்வில நிக்கிறன் அக்கா. வாறன்.

ஜசிந்தா வாசித்துக் காட்டினாள். பவளத்தின் முகம் கோபத்தில் சிவந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் முகம் பயத்தில் சின்னதாகிப்போயிருந்தது. மேடைக்குப் பின்னால் எழுதியிருந்த அவ்வளவு பெரிய சொல்லுக்கு வேலை இருந்தது இந்த ஒரு கதிரையில்தான். கதிரையில் கைப்பை இருந்தது.

தாதி திரும்பி வந்தாள். பாஸ்டர் வருகிறாரா என்று கேட்டாள்.

ஜசிந்தா தடுமாறி, வருகிறேன் என்று எழுதியிருக்கிறார் என்றாள்.

“பிள்ளை, அவவுக்குச் சரியாச் சொல்லு” என்றாள் பவளம். “எங்கட பாசையில வாறன் எண்டால் போறன் எண்டும் அர்த்தம்.”

ஜசிந்தா மொழிபெயர்த்தாள். தாதி குழம்பிப்போய், அப்படியென்றால் வந்துவிட்டுப் போய்விட்டாரா என்று கேட்டாள்.

“இல்லை” என்றாள் பவளம். “வராமலே போட்டார்.”

ஜெயமலர் கோப்பிப் போத்தலை மூடினாள். கைப்பையைத் தூக்கி ஜசிந்தாவிடம் கொடுத்தாள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“தலையிலதானே கை வைக்கவேணும்?”

“நீர் வைச்சு என்ன செய்யிறது, ஜெயமலர்? உமக்கு யேசப்பாவைத் தெரியாதே.”

“அறிமுகப்படுத்திக்கொண்டால் போச்சு.” ஜெயமலர் பவளத்தின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். “யேசப்பா, நான் ஜெயமலர். உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது, நான் முருகன்ர ஆள். உங்கட ஆள் கொலோனில மைக்கோட நிக்கிறார், அதால நான் வந்தனான். இந்த மனுசி பயப்பிடுது. படுக்கிற மாதிரியே எழுப்பி விடுங்கோ. நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன். அரோ...” நாக்கைக் கடித்து நிறுத்தினாள். “என்னெண்டு முடிக்கிறது?”

“ஆமென்.”

“ஆமென்.”

பவளம் கம்பியை விட்டாள். “சரி, தள்ளச் சொல்லு.”

சிகிச்சை முடிந்து அதே அறையில் பவளம் கண் விழித்தபோது கதிரையில் ஜெயமலர் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

கதை இத்தோடு முடியாது. இந்த இனத்துக்கு மானம் லேசில் போகாது. பவளம் இரண்டு ஊன்றுகோலோடு சபைக்குப் போன முதல் ஞாயிறு, பாஸ்டர் தயாபரன் மேடையில் உருகினார். “சரீரத்தில நான் கொலோனில நிண்டன், ஆவியில அக்கான்ர கட்டிலடியில நிண்டன். அக்கா, வந்து சாட்சி சொல்லுங்கோ!”

பவளம் டக் டக்கென்று நடந்து போய் ஒலிவாங்கியை வாங்கினாள்.

“பாஸ்டர் சொல்லுறது உண்மை. அவர் ஆவியில வந்தவர். உடம்போட வந்தது ஜெயமலர்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். முன்வரிசைக்கும் அது பரவியது. பாஸ்டர் அவசரமாக “அல்லேலூயா!” என்றார். விசைப்பலகைக்காரர் குறிப்பறிந்து பாட்டைத் தொடங்கினார். வாசலில் அதே சிரிப்பு, தோளில் அதே தட்டு.

“அக்கா, வாற கிழமை கட்டாயம் வீட்ட வாறன்.”

“மூண்டாம் மாடி பாஸ்டர். லிப்ட் இல்லை. மைக்கும் இல்லை.”

இன்னும் வரவில்லை. ஷ்டவ்வாக இருக்கும்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. நீங்கள் பாஸ்டர் இல்லை, மூப்பர் இல்லை, சங்கத் தலைவர்கூட இல்லை, காருக்குப் பின்னால் மீனும் இல்லை. ஒப்புக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. கடைசியாக யாரோ சுகமில்லை என்று அழைத்தபோது, மற்றக் கையில் வேறு வேலை வைத்துக்கொண்டு, குரலை மட்டும் இளக்கி, “வாறன், வாறன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்களே, அது எந்த வாறன்? அவசரமில்லை, ஆறுதலாக யோசியுங்கள். அந்த அறையில் உங்களுக்காக ஒரு கதிரையில் கைப்பை வைத்திருக்கிறார்கள். வேறு ஒருவரையும் இருக்க விடுகிறார்கள் இல்லை.