அப்பவே சார்

கடலில் திமிங்கிலம் உண்டு, சுறா உண்டு, பெயர் வைக்க ஆள் இல்லாத புழுக்கள்கூட உண்டு. அவற்றை ஆராயப் போகும் கப்பலுக்குள்ளேயே ஓர் இனம் வாழ்கிறது, ஐயா. அதைப் பற்றித்தான் யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. எது நடந்தாலும், நடந்து முடிந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் இனம். இந்தக் கப்பலில் அதில் நன்கு வளர்ந்த ஒருவர் இருந்தார். மூத்த விஞ்ஞானி, முப்பது வருட அனுபவம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் "அப்பவே சார்".

இந்தப் பயணத்தில் அவருக்கு யோகம் அடித்தது. இயந்திரத்தைக் குளிரவைக்கும் பம்பு உடைந்து, திட்டத்திலேயே இல்லாத ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. மாற்றுப் பம்பு வரும்வரை வேலை கிடையாது. கருவிகளை இறக்கும் கம்பியில் சட்டைகள் காய்ந்தன, கடலின் ஆழத்தை அளக்க வந்தவர்கள் சீட்டாடினார்கள், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள், சமையல்காரர் மூன்றாம் நாளாக உருளைக்கிழங்கையே சதுரமாகவும் வட்டமாகவும் வெட்டிப் போட்டார். இத்தனைக்கும் நடுவே அப்பவே சார் டீக் கோப்பையும் கையுமாக மேலும் கீழும் நடந்து, பம்பு போகும் என்று அப்பவே சொன்னதையும், கிழங்கை இத்தனை மூட்டை ஏற்றாதே என்று அப்பவே சொன்னதையும் ஒருவர் விடாமல் விநியோகித்தார். யாரிடம் சொன்னார்? என்றைக்கு? அதெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால், "நான் சொன்னா யாரு கேக்கறாங்க?" என்று பெருமூச்சு விடுவார்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். ஆய்வு மாணவி. கடலடியிலிருந்து எடுத்த பதினாறு குழாய்ச் சேறு அவளுடையது. அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் நான்கு டிகிரிக் குளிரில்தான் பிழைக்கும். இதற்காகக் கப்பலில் இடம் கேட்டு மூன்று வருடம் காத்திருந்தாள். இன்னொரு முறை கொடுக்க மாட்டார்கள். குளிர் அறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். அந்தப் பக்கம் போகிறவர் யாரானாலும் வெப்பமானியைப் பார்த்து, நேரத்தோடு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் பார்த்தபோது சரியாக நான்கு. எட்டு பத்துக்கு அப்பவே சார் பார்த்தபோது ஒன்பது. மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இத்தனை வருடமாக வாய்வார்த்தைதானே, இந்தத் தடவை எழுத்திலேயே சாட்சி! "8.10, ஒன்பது டிகிரி" என்று மணிமணியாக எழுதினார். கையெழுத்துப் போட்டார். அடிக்கோடும் இழுத்தார். பிறகு சாப்பிடப் போனார்.

பதினொரு மணிக்கு மாணவி கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிவந்த இன்ஜினியர் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஃபியூஸ்தான் போயிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பவே சார் வந்தார். முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

"இது போகும்னு எனக்கு அப்பவே தெரியும். சும்மா சொல்லலைம்மா, இங்க பாரு, எட்டு பத்துக்கே எழுதி வெச்சிருக்கேன்!"

அவள் தாளைப் பார்த்தாள், அடிக்கோட்டைப் பார்த்தாள்.

"நான் அடுத்த ரூம்லதான் சார் இருந்தேன். கதவை ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா?"

அவர் காது சிவந்து, தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. திருந்திவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாலை டீக்கு வந்தவர், சமையல்காரர் காதோரம் குனிந்து சொன்னார்:

"அந்தப் பொண்ணு தாங்க மாட்டான்னு நான் அப்பவே நெனச்சேன்."

சமையல்காரர் அவருக்கு ஊற்றிய டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அவர் அந்தத் தாளில் அடிக்கோடு இழுத்தபோதே, சேறு அவ்வளவுதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? அப்பவே தெரியுமா? அப்படியானால் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?