நோர்வேக் குளிருக்கு யசிந்தாவின் சென்ற்

குருநகர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள தங்கச்சி ரெஜினாவுக்கு,

புனித யாகப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் மூக்கடைக்காமல் இருக்க மன்றாடுகிறோம்.

உன் மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் அடுத்த கிழமை நோர்வே வருகிறோம் என்று, அங்கிருந்து லீவில் வந்த கொலின்ஸிடம் இரண்டு சின்ன வாசனைச் சென்ற் போத்தல் கொடுத்துவிட்டாய். குளிருக்கு இனிப்பும் சூடுமான வாசம்தான் நல்லது, வனிலாவோ கறுவாப்பட்டையோ மச்சாள் சொல்லட்டும், பெரிய போத்தல் வாங்கி வைக்கிறேன் என்றாய். நல்ல மனசுதான். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் சமாதானம் இல்லை. சம்பந்தி ஆட்கள் தன்னில் மீன் மணக்கிறது என்று மூக்கைப் பொத்திவிடுவார்களோ என்பதுதான் உன் மச்சாளுக்குப் பயம். இருபது வருஷமாகச் சந்தையில் மீன் விற்று ஒருவருக்கும் பயப்படாத யசிந்தா, விரலளவு போத்தலுக்கு முன்னால் நடுங்குகிறாள்.

இந்த வெயிலில் பூசினால் இரண்டும் வேர்வையோடு போய்விடுகிறது. "குளிருக்கான சாமானைக் குளிரிலைதான் பாக்கவேணும்" என்று, இடக்கையில் வனிலாவும் வலக்கையில் கறுவாவும் அடித்துக்கொண்டு சந்தை ஐஸ் அறைக்குள் போய் நின்றாள். அங்கே ஐஸ் உடைக்கும் டினேஸிடம் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் முதல் கையை முகர்ந்து, "கேக் வாசம் அக்கா" என்றான். மற்றதை முகர்ந்து, "இதுவும் கேக்தான், கொஞ்சம் விலை கூடின கேக்" என்றான். அதோடு நிற்காமல் வெளியே வந்து அதே இரண்டு கையாலும் பாரை மீன் வெட்டினாள். வழக்கமாக வாங்கும் வாத்தியார் வெட்டிய துண்டை மூக்கருகே கொண்டுபோய், "என்ன யசிந்தா, மீன் மீன் மாதிரி மணக்கேல்லை, மருந்து கிருந்து அடிச்சனியோ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். வியாபாரம் படுத்துப்போயும் உன் மச்சாளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்தியளே, மீனிலையே மீன் மணக்கேல்லை, என்னிலை எப்பிடி மணக்கும்?"

மீனைப் பிடித்திருந்தது இடக்கை. ஆகவே வனிலாவையே வாங்கு. எனக்கென்றால் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பழகிய வாசம் அவளின் மீன் வாசம்தான், அது இல்லாமல் அவள் பக்கத்தில் நின்றால் யாரோ வெளியாள் நிற்பதுபோல் இருக்கும். இதை அவளிடம் சொல்லிவிடாதே, பிறகு பிடிக்க ஏலாது.

கடிதம் நாளை திரும்பும் கொலின்ஸ் கையில் வருகிறது. மணமக்களுக்கு எங்கள் ஆசீர், மச்சானுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
சிமியோன்

பி.கு.: வனிலா வாங்காதே, கறுவாவும் வேண்டாம். நீ கேட்ட கருவாட்டைப் பெட்டியில் அடுக்கும்போது, எயார்போட்டில் மணந்து மறித்துவிடுவார்கள் என்று இரண்டு போத்தலையும் அதன்மேல் அடித்து முடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு அவள் கட்டவிருக்கும் சேலையும் அதே பெட்டிக்குள்தான். இப்போது சேலையில் வனிலா, கறுவா, கருவாடு மூன்றும் சேர்ந்து மணக்கிறது, அவளுக்கோ பயம் விட்டுப்போயிற்று. "ஆரும் மூக்கைச் சுழிச்சா, ஓம், நான் குருநகர் மீன்காரிதான் எண்டு சொல்லுவன். பிறகு கருவாடு கேட்டு என்னட்டை வரப்படாது" என்கிறாள்.