தலைக்கட்டுக்கு ஓர் ஆள்

ஆர்.எஸ்.மங்கலம்,
10-12-1998

அன்பு மகள் முத்தழகுக்கு அய்யா வீரபத்திரன் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் பசுவும் கன்றும் நலம். கோழி ஏழில் ஆறு நலம். மதுரை ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் ஆறி, பழையபடி எல்லாரையும் அதட்டத் தொடங்கிவிட்டாள் என்று உன் கடிதத்தில் கண்டு பெருமகிழ்ச்சி. நிற்க.

முதலில் நல்ல செய்தி. கம்ப்யூட்டர் வகுப்பில் உன் இடம் போகவில்லை. நீ அம்மாவுக்குத் துணையாகப் பஸ் ஏறிய நாலாம் நாள், ஒரு வாரம் வராதவர்கள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று தகவல் வந்தது. அந்த வகுப்புச் சான்றிதழ் இருந்தால்தானே ராமநாதபுரத்து வேலைக்கு நீ மனுப் போட முடியும். யோசித்துப் பார்த்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்டும்போது, குடும்பத்துக்கு ஒருவராகத் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்றுதானே முறை. குருநாதன் காலில் முள் குத்தினால் அவன் தம்பி மண்வெட்டியோடு வந்து நிற்கிறான், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதே முறைதான் இங்கேயும் இருக்கும் என்று, வெள்ளை வேட்டி கட்டி, உன் நோட்டை எடுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி, செருப்பை வெளியே விட்டு, உன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஹமீதா பானு டீச்சரம்மா பெயர் வாசித்து "முத்தழகு" என்றதும் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றேன். பதினோரு பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. தலைக்கட்டு முறையை நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாடத்தை எழுதிக்கொண்டு போய் மகளுக்குக் கொடுங்கள், இருபதாம் தேதி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், முப்பதாம் தேதி பரீட்சையை அவள்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் சும்மா உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரத்தான் போனேன், நம்பு. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பது? இரண்டாம் நாள், செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்கும் கணக்கு. எந்த எண்ணை வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள் என்றார் டீச்சரம்மா. அன்றைக்குத்தான் உன் முதல் கடிதம் வந்து சட்டைப்பையில் இருந்தது. அதில், அம்மாவுக்குக் காய்ச்சல் 38 டிகிரி என்று நர்ஸ் எழுதிவைத்ததாக எழுதியிருந்தாய் அல்லவா? அதையே கொடுத்தேன். பெட்டி 126 என்றது. நான் பார்த்த காய்ச்சலெல்லாம் நூற்று நாலோடு சரி. நூற்று இருபத்தாறுக்கு மனுஷி தாங்குவாளா? என் உலகம்மா போயிட்டாளே என்று அங்கேயே தலையில் கையை வைத்துவிட்டேன். செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடி, எஸ்.டி.டி. பூத்தில் நின்றவர்களைத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்சம்மா கூப்பிட்டு நீ வந்து எடுத்ததும் "அம்மா இருக்காளா?" என்று நான் கேட்டதும், "இட்லி சாப்புடுதாகய்யா" என்று நீ சொன்னதும், நான் உடனே போனை வைத்ததும் இதனால்தான். உன் அம்மா அதற்காக என்னைத் திட்டியதாக எழுதியிருந்தாய். அவள் திட்டுகிறாள் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அன்றைக்கு மேலே திரும்பிப் போய்ப் பெட்டியை நாலு வார்த்தை கேட்டேன். டீச்சரம்மா என் புரோகிராமை விரலால் தொட்டுக் காட்டினார். முதலில் பெருக்க வேண்டும், பிறகு முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும். நான் அவசரத்தில் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கியிருக்கிறேன்.

"பெட்டி மேல குத்தமில்லங்கய்யா. நீங்க என்ன சொன்னீங்களோ அத அப்படியே செஞ்சிருக்கு" என்றார்.

முத்தழகு, இந்த அம்பத்தி ரெண்டு வயசில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரு ஜீவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாடும் கேட்டதில்லை, உன் அம்மாவும் கேட்டதில்லை. அதிலிருந்து எனக்கு ஒரே வெறி. வரியை மாத்திப் போட்டேன், 100.4 என்று காட்டியது, எழுந்து நின்னு கும்பிட்டேன்.

அப்புறம் லூப் பாடம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. தொட்டியில் குழாய் திறந்தால் எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்று கணக்கு. எனக்குத் தொட்டி எதுக்கு, நம்ம கண்மாய் இருக்கே. மடைக்கு மேலே ஒன்பது அடி தண்ணி, நாளைக்கு ஒன்றரை அங்குலம் குறையும், எத்தனை நாளைக்கு வரும்னு நானே எழுதினேன். ஓட்டினால் பெட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாளை எண்ண ஆரம்பிச்சது. நூறு தாண்டிச்சு. ஆயிரம் தாண்டிச்சு. நாலாயிரத்தைத் தாண்டினதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நேரா டீக்கடைக்குப் போய், நம்ம கண்மாயில பத்து வருசத்துக்குத் தண்ணி இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னு சத்தமாச் சொல்லிட்டேன். அங்கே இருந்த நம்ம பக்கத்து வயல் கூத்தையா அதை நம்பி, டீயைப் பாதியில வச்சிட்டுப் போய்த் தன் வயலுக்கு மடையை அகலமாத் தொறந்து விட்டுட்டான். அவன் வயல் நிரம்பி, வரப்பு உடைஞ்சு, தண்ணி எங்கே வந்ததுன்னு கேக்காதே. உன் அம்மா பாத்தி கட்டிப் போட்ட மிளகாய் நாத்து முழுசும் முழுகிருச்சு. சண்டைக்குப் போனேன்.

"ஏலே, பத்து வருசத்துக்குக் கெடக்குன்னு நீதானல சொன்ன?" என்றான்.

மறுநாள் பார்த்தால், நாளைக் கூட்டச் சொன்ன நான் தண்ணியைக் கழிக்கச் சொல்லவே இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எழுபத்திரண்டு என்று வந்து நின்றது. மாசி எட்டு வரைக்கும் தண்ணி உண்டு, நெல்லு தப்பிச்சுக்கும். கூத்தையாவை நானே மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். அவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதம் தானும் சேரலாமா என்று டீச்சரம்மாவிடம் கேட்டிருக்கிறான். நாத்து விஷயத்தை மட்டும் அம்மாவிடம் நீ சொல்லாதே, பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே மகளே, எது எப்படியானாலும் இருபதாம் தேதிக்குள் வந்து சேர். உன் நாற்காலியை யாரும் தொடாமல் காத்து வைத்திருக்கிறேன். நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் வடிக்கும் சோற்றைப் பசுவே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உன் அம்மாவுக்கு என் அன்பையும், நர்சம்மாக்களுக்கு என் வணக்கத்தையும் சொல். குலசாமி உங்கள் இருவரையும் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அய்யா,
வீரபத்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வகுப்புக்குப் போய் வந்துவிட்டேன். இருபத்தோராம் தேதியிலிருந்து டீச்சரம்மா இடி மின்னல் கணக்கு நடத்தப் போகிறார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று சொன்னால், எவ்வளவு தூரத்தில் இடித்தது என்று பெட்டி சொல்லிவிடுமாம். நீ வந்துவிட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணுமாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் மேலே இருபது என்று இருப்பதை இருபத்தெட்டு என்று திருத்தி வாசி. அதுவரைக்கும் இடத்தை வைத்திருக்க டீச்சரம்மா சம்மதம்தான். பரீட்சைக்கு ரெண்டு நாள் போதும், எல்லாத்தையும் நான் சொல்லித் தாரேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னால், இன்னும் லேசா வலிக்குதுன்னு அம்மாவைச் சொல்லச் சொல்லு.