நீலக் கேனும் நானோகெல்வினும்

படிக்கப் படிக்க, அடுத்தவர் சொல்வது காதில் விழாமல் போகும் என்பதற்கு நானே சாட்சி. அந்த நாட்களில் நான் நிறையப் படித்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் ஒன்று அது. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். வேலை, அணுக்களைக் குளிர வைப்பது. வெற்றிடக் கண்ணாடிக் கூண்டுக்குள் கொஞ்சம் ரூபிடியம் வாயு. எல்லாப் பக்கமிருந்தும் லேசர் ஒளி. ஒளி தள்ளத் தள்ள அணுக்களின் ஓட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதிகச் சூடான அணுக்களை மட்டும் தப்பவிட்டு, மிச்சத்தை இன்னும் குளிர்விப்போம். அதற்குக் கீழே குளிரே கிடையாது என்னும் அடிமட்டத்துக்கு, ஒரு டிகிரியில் நூறு கோடியில் சில நூறு பங்கு (அந்த ஒரு பங்குதான் நானோகெல்வின்) தூரம்வரை போய்விட்டால், தனித்தனியாகத் திரிந்த அணுக்கள் அத்தனையும் ஒரே அலையாக நடந்துகொள்ளும். (எங்கள் கூடத்தில் அதுவரை அப்படி நடந்துகொள்ளவில்லை. வீட்டில் அதைச் சொல்லவில்லை.) அம்மா மட்டும், பிள்ளை ஐஸ் சம்பந்தமாகப் படிக்கிறது என்று தெருவில் சொல்லிவைத்திருந்தாள்.

அப்பா திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். அறிவியல் விழாவில் என்னைப் பேசவைக்கத் தலைமையாசிரியை சிஸ்டரிடம் அவரே பேசி முடித்துவிட்டார். நான் சரி என்பதற்குள் அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘விஞ்ஞானி’ என்று அச்சாகிவிட்டது.

அணுக்களை மேடையில் காட்ட முடியாது. அதனால் திரவ நைட்ரஜன் காட்டலாம் என்று முடிவெடுத்தேன். அது பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. எங்கள் கணக்கில் அது கொதிக்கிற எண்ணெய், பள்ளிக்கூடத்துக்குப் போதும்.

ஊரில் எனக்குத் தெரிந்து அதை வைத்திருந்தவர் அருளப்பன் மாமா, அம்மாவின் தம்பி. வடமதுரைப் பக்கம் கால்நடை ஆய்வாளர். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுதான் பெரும்பாலும் அவர் வேலை. காளையின் விந்தணுக்களை மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து, நைட்ரஜன் கேனுக்குள் உறையவைத்திருப்பார்.

விழா நாள் காலையில் அய்யலூர்ப் பக்கம் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று அவருக்கு ஆள் வந்தது. கிளம்பும்போது சொன்னார்: “பச்சைக் கேனை எடுத்துக்க பாப்பா. வெறும் நைட்ரஜன்தான். நீலத்துல மட்டும் கைய வச்சுராத.”

நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். பச்சை பாதிதான் இருந்தது. நீலம் கனத்தது. விஞ்ஞானி பாதிக் கேனோடு மேடை ஏறலாமா? நீலத்தை ஆட்டோவில் ஏற்றினேன்.

கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. பட்டுச் சேலையில் நான்; முன்வரிசையில் அப்பா. ரோஜாவை நைட்ரஜனில் முக்கி எடுத்து, அப்பளம் போல நொறுக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தலைக்கேறி, கேனை அப்படியே ஒரு அண்டாவில் கவிழ்த்தேன். மேடையை வெண்புகை மூடியது. “இந்தக் குளிர்ல அணுக்கள் தன்னோட அடையாளத்தையே மறந்துரும்” என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, கேனுக்குள்ளிருந்து கலர் கலராகக் குச்சிகள் சரிந்தன. கொஞ்சம் அண்டாவில், கொஞ்சம் தரையில்.

சிஸ்டர் குனிந்து பார்த்து, இது என்னம்மா என்றார்.

“வெப்பநிலை காட்டுற குச்சி, சிஸ்டர்” என்றேன், யோசிக்காமல்.

சிஸ்டர் ஆத்தூரில் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியாது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். நடுவில் மைக் இருந்தது.

“எங்க வீட்டு மாடுகளுக்குப் போட்டிருக்காகம்மா. இது சினை ஊசி.”

அரங்கம் முழுக்க ஒரே அலையாகச் சிரித்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், வெகுநேரம் துடைத்தார்.

நீலக் கேனைக் காணாமல் பச்சைக் கேனோடு பறந்துவந்த மாமா, பக்கவாட்டுக் கதவு வழியாக மேடை ஏறினார். திட்டவில்லை. பச்சைக் கேனில் இருந்த நைட்ரஜனை அண்டாவில் ஊற்றி, அதில் கிடந்த குச்சிகளைக் காப்பாற்றினார். தரையில் கிடந்தவற்றைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. எல்லாம் மாடு வைத்திருப்பவர்கள் காத்துக்கொண்டிருக்கும் சரக்கு. மேலதிகாரிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“உருகிருச்சு சிஸ்டர். திருப்பி உறைய வச்சா உசுரு நிக்காது. செத்த நேரத்துல போட்டாத்தான் உண்டு.”

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். “நம்ம ரோஸி காலையிலேருந்து கத்திக்கிட்டே நிக்கிறா” என்றார்.

ரோஸி, கன்னியர் மடத்துப் பசு. சினைப்பருவம் வந்தால் மாடு அப்படித்தான் கத்தும். பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு எல்லோரும் தொழுவத்துக்கு ஓடினோம். மாமா கையுறை மாட்டினார். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் மாட்டின் வாலைப் பிடித்தேன். என் ஆய்வு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சோதனை, நினைத்தபடி முடிந்தது.

மற்ற குச்சிகள் வீண்தான். மாமாவுக்கு மேலிடத்திலிருந்து எழுத்துபூர்வமான கண்டிப்பு வந்தது. ரோஸி சினை நின்று, அடுத்த வருடம் கிடாரிக் கன்று போட்டது. சிஸ்டர் அதற்கு லேசர் என்று பெயர் வைத்தார். என் அணுக்கள் ஒரே அலையானது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான்.

வீட்டு விசேஷங்களில் இன்றும் யாராவது புதியவர் என் ஆராய்ச்சியைப் பற்றி மரியாதையாக விசாரித்தால், நான் வாய் திறப்பதற்குள் பந்தியின் மறுகோடியிலிருந்து மாமா பதில் சொல்லிவிடுவார்:

“நல்லாப் போகுதுங்க. இப்ப அதோட பேத்தி பால் கறக்குது.”