பிரேக்கில் வைத்த கால்

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, வண்டி ரிப்பேர் ஆகவில்லை. "வண்டி சரியாயிடுச்சா?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் அடங்காது. வண்டி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்தான் சரியில்லை.

முதலில் மரியாதைக்கு நலம் விசாரித்துவிடுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள். ஈரத் துண்டை யார் கட்டிலில் போட்டது என்ற முதல் சண்டை இன்னும் வந்திருக்காது. இங்கே எல்லோரும் நலம். நம் குடும்பத்தில் யாருக்கும் காய்ச்சல்கூட வருவதில்லை. நோயும் வாசல்வரை வந்து, யாராவது "வா" என்பார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது போல.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு அற்பம் என்று தெரிகிறது. உன் அப்பா புது வீட்டுக்குக் குடிபோன அன்று என் அப்பா உங்கள் வாசல்வரை வந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே உன் அப்பா நின்றிருந்தார். இவரைப் பார்த்தார், சிரிக்கவும் செய்தார். "வா" என்று மட்டும் சொல்லவில்லை. என் அப்பா செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்துவிட்டார்.

"கூப்பிடாத வீட்டுக்குள்ள போறதுக்கு நான் என்ன பூனையா?" இது என் அப்பா.

"சொந்தத் தம்பியை வான்னு சொல்லணுமா? அப்ப அவன் தம்பியா, விருந்தாளியா?" இது உன் அப்பா.

ஆளுக்கு ஒரு வாக்கியம். அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள். வேறு வீடுகளில் அண்ணன் தம்பி பேசாமல் போவதற்கு நிலமோ நகையோ வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் ஓர் எழுத்து போதும்.

பிறகு உன் அழைப்பிதழ் வந்தது. கீழே உன் கையெழுத்தில்: "சித்தப்பா முன்வரிசையில் இருக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்க்காமல் மேடையேற மாட்டேன்." அப்பா அதைப் படித்தார். மேசைமேல் வைத்தார். வெளியே போய்க் காரைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார். மற்ற ஆண்கள் அழுவதற்குப் பதில் நம் வீட்டு ஆண்கள் கார் கழுவுவார்கள்.

அதே கார்தான். நீ கற்றுக்கொண்ட அதே பயிற்சிப் பள்ளிக் கார். கூரைமேல் அதே பலகை: "பயிற்சி நடக்கிறது. பொறுத்தருள்க." கல்யாணத்துக்காவது அதைக் கழற்றுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். "கழட்டினா அது வேற வண்டி" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொல்வதற்கெல்லாம் அர்த்தம் கேட்பதை நாங்கள் நிறுத்தி வெகுகாலமாகிறது.

அந்தக் காரில் இரண்டு பிரேக் இருப்பது உனக்கு நினைவிருக்கும். ஓட்டுபவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காருபவர் காலடியில் ஒன்று. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷனின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிறுத்த மட்டும் தெரியும். ஆகவே அப்பா ஓட்டினார், அம்மா நிறுத்தினாள். நெடுஞ்சாலையில் நாய் தெரிந்தால் நிறுத்தினாள், நாய் மாதிரி ஒரு சாக்கு தெரிந்தாலும் நிறுத்தினாள், எதுவுமே தெரியாவிட்டால் ஏதோ தெரியப் போகிறது என்று நிறுத்தினாள், ஒவ்வொரு தடவையும் அத்தையின் மடியில் இருந்த ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போயின, ஒவ்வொரு தடவையும் குனிந்து பொறுக்கியது நான், பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்தியபடியே கூரைப் பலகையைப் படித்தார்கள், ஒருவர் பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கி, "பெரியவரே, இந்த வயசுல கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார், அப்பா அவருக்கு இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுவதைப் பற்றி ஒரு பாடம் நடத்த ஆரம்பித்தார், லாரி போய்விட்டது, அப்பா பாடத்தை நிறுத்தவில்லை, மீதியை எங்களுக்கு நடத்தி முடித்தார்.

அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் அப்பாக்களுக்கு ஒரே தங்கை. இரண்டு வீட்டுக்கும் போய்வருகிற ஒரே ஆள். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீ வைத்துக் குளிர் காய்பவள். வழிநெடுக அப்பாவுக்கு ஒத்திகை நடத்தினாள். ஆமாம், ஒத்திகை. அண்ணனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, சௌக்கியமா?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவரைப் பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றாள் அத்தை.

"என்னண்ணே..."

"சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கு."

"அண்ணே."

"அவ்வளவுதானா? கடன் கேக்க வந்தவன் இப்படித்தான் ஆரம்பிப்பான்."

"அப்ப நீயே போய்ச் சொல்லிக்கோடி!"

"முன்னால பாருங்க!" என்று அம்மா பிரேக்கை மிதித்தாள். ஆரஞ்சுகள் உருண்டன. முன்னால் ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்த அவளுக்கு வேறு மிதி கிடையாது.

இப்போது கவனி. நாங்கள் நேரத்துக்கு வந்துவிட்டோம். நேரத்துக்கு முன்பே. மேடையில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டி, "கேக்குதா? கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா காருக்குப் பின்னால் நின்று, வழியெல்லாம் கசங்காமல் தொங்கவிட்டு வந்த புதுச் சட்டையைப் போட்டார். பித்தானைக் கழுத்துவரை மாட்டினார். பிறகு மறுபடி காரில் ஏறி, வண்டியைக் கோட்டுக்குள் நேராக, பாடப்புத்தகத்தில் வரைவது போல, மண்டப வாசலைப் பார்த்து நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

இறங்கவில்லை.

"பாத்திருப்பான்" என்றார். "கூரையில பலகை இருக்கு. பாக்காம இருக்க முடியாது. வந்து கூப்பிடட்டும்."

உன் அப்பா பார்த்தார். வாசலுக்கு வந்து நின்றார், எங்கள் பக்கம் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், உள்ளே போனார். திரும்ப வந்தார். இந்த முறை யாரோ ஒருவர் தோளில் கை வைத்து வெறும் சுவரைக் காட்டி ஏதோ விளக்கினார். உள்ளே போனார். உன் அப்பாவையும் நான் விடுவதாக இல்லை, அக்கா. பெண்ணைப் பெற்றவர், நூறு பேரைக் கும்பிட்டு வரவேற்றார். இன்னும் பத்தடி நடந்திருந்தால் கால் தேய்ந்திருக்காது.

"பாத்துட்டுப் போறான் பாரு" என்றார் அப்பா. குரலில் ஒருவிதச் சந்தோஷம். தான் நினைத்தது சரி என்று ஆகிவிட்ட மனிதனின் கேவலமான சந்தோஷம்.

வாகனங்களை ஒழுங்கு செய்கிற காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "டிரைவர் சார், டிரைவருங்களுக்கெல்லாம் பின்பக்கம் சாப்பாடு போடறாங்க. போய்ச் சாப்பிட்டு வந்துடுங்க."

"நான் பொண்ணோட சித்தப்பா."

காவலாளி அப்பாவைப் பார்த்தார். கூரைப் பலகையைப் பார்த்தார். "அப்ப ஏங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

அவ்வளவு நேரமும் நடந்த பேச்சில் அறிவுள்ள கேள்வி அது ஒன்றுதான். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நான் படித்தவள். மனிதர்கள் பேசாமல் இருப்பதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். பின்சீட்டில் உட்கார்ந்து கவனித்தேன். என் பக்கக் கதவு பூட்டியிருக்கவில்லை.

அத்தைதான் முதலில் இறங்கினாள். கழிப்பறைக்கு என்றாள். "பொறந்த வீட்டுப் பொண்ணை யாரு கூப்பிடணும்?" அவள் திரும்பி வந்தபோது கை கழுவிய ஈரம் முழங்கைவரை இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"உக்கார வெச்சுட்டாங்க. நான் என்ன பண்ண? சாப்பாடு பரவாயில்ல."

"அண்ணன் என்ன சொன்னான்?" என்றார் அப்பா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"தம்பி எங்கேன்னு கேட்டாரு. எல்லாரும் பக்கத்துல நிக்கிறாங்க, நான் என்னத்தைச் சொல்ல? வண்டி ரிப்பேர், வழியில நிக்குதுன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு?"

"'அப்படியா'ன்னாரு."

புரிகிறதா? அந்த வண்டியை அவர் வாசலில் நின்று கண்ணாடி துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். "அப்படியா" என்றிருக்கிறார். அப்பாவும் இங்கே தலையாட்டினார். "அதுவும் சரிதான்" என்றார். ஓடுகிற வண்டியைப் பழுதாக்குவதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நொடியில் ஒற்றுமை வந்துவிட்டது. உனக்கு வந்துசேர்ந்த செய்தி அதுதான்.

பிறகு உள்ளே கைதட்டல் கேட்டது. நீண்ட கைதட்டல். முன்வரிசையில் ஒரு காலி நாற்காலி இருந்திருக்கும். நீ அதைப் பார்த்துவிட்டு மேடையேறியிருப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. வேறென்ன செய்வாய்?

அப்பா சாவியைத் திருப்பினார். "போலாம்."

வண்டி உறுமியது. நகரவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். அம்மாவின் கால் அவள் பக்கத்துப் பிரேக்கின்மேல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலால், முழு பலத்தோடு.

"காலை எடு."

"எடுக்க மாட்டேன்."

"கல்யாணம் முடிஞ்சு போச்சு."

"அண்ணன் இன்னும் உள்ளதான இருக்காரு? இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. இல்ல, வீட்டுக்குப் போறதுன்னா நடந்து போங்க. வண்டி வராது."

அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. முதல் நாள் மாணவனுக்கு அணைவது போல. அப்பா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, முன்கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக, "அண்ணே" என்றார். வழியெல்லாம் சொன்னதில் சரியாக வந்தது அந்த ஒரு தடவைதான். கேட்டவர்கள் மூன்று பெண்கள். கதவுப் பிடியில் அவர் கை போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. திரும்பி வந்துவிட்டது.

அம்மா காலை எடுக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்கும்வரை எடுக்கவில்லை. உன் பூச்சுற்றிய கார் எங்கள் பக்கமாகத்தான் போனது. நீ அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தாய். பின்னால் உன் அப்பா இன்னொரு காரில். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, கழுத்தில் சுளுக்குப் பிடித்தவர் மாதிரி. அப்போதுதான் அம்மா காலை எடுத்தாள். மரத்துப்போயிருந்தது. கையால் தூக்கி வைத்தாள்.

திரும்பும் வழியில் அவள் ஒரு தடவைகூடப் பிரேக்கைத் தொடவில்லை. நாய்கள் குறுக்கே ஓடின. லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாதான் பயந்து பயந்து ஓட்டினார்.

இதுதான் நடந்தது. இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு இப்போது ஒரே கருத்துதான். கழுத்துவரை பித்தான் போட்ட, நேராக வண்டி நிறுத்தத் தெரிந்த, பத்தடி நடக்கத் தெரியாத கூட்டம். இதில் நான் சேர்த்தி இல்லை. நான் இந்த நோயிலிருந்து தப்பிவிட்டேன். படிப்பு அதற்காவது உதவியது.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது போதாது. வயது போதுமானவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. ஆகவே இருவரும் யார் ஆசியும் இல்லாமலே நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே, நான் சேர்த்தி இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. இதை நான் என் அறையில் எழுதவில்லை. உன் வீட்டுக்கு எதிரே இருக்கும் பழச்சாறு கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பஸ்ஸில் வந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய போர்வை மடியில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பரிசுத்தாளின் உள்பக்கம்தான் இந்தக் கடிதம். நீ ஒருமுறை மாடியில் வந்து படுக்கைவிரிப்பை உதறினாய். தெருவைப் பார்த்தாய். நான் கையசைக்கவில்லை. நீ முதலில் கூப்பிடுவாய் என்று இருந்துவிட்டேன். நீ உள்ளே போய்விட்டாய். அதன் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். கடைக்காரர் இப்போது வந்து, "ஏம்மா, வேற ஏதாவது வேணுமா, இல்ல சும்மா உக்காந்தே இருக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

எழுந்துவிட்டேன். தெருவைக் கடந்துவிட்டேன். இந்த வரியை உன் வீட்டுச் சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல். மணியை அடித்துவிட்டேன். உள்ளே நீ "யாரு?" என்கிறாய். செருப்பைக் கழற்றிவிட்டேன்.